பூஜையில் இருந்த சட்டம்

பேச்சியைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போன நேரத்தில் இந்திய அரசியல் சட்டம் பூஜையில் இருந்தது.

இதில் ஸ்ரீகண்டனின் குற்றம் ஒன்றும் இல்லை. துர்காஷ்டமி சாயங்காலம் புஸ்தகங்களை அடுக்கிப் பட்டு விரித்துச் சந்தனமும் பூவும் வைத்துவிட்டால், விஜயதசமி காலையில் பூஜை எடுக்கிறவரை அவற்றைத் திறக்கக் கூடாது. ஒரு வரி படிக்கக் கூடாது. கடைக்காரன் புளி மடித்துக் கொடுத்த காகிதத்தில்கூடக் கண்ணை ஓட்டக் கூடாது. படித்தால் படிப்பு வராது என்பார்கள். ஸ்ரீகண்டனுக்குப் படிப்பு வந்து, பட்டம் வந்து, வக்கீலாகப் பதிவும் செய்தாகிவிட்டது. இனி வராமல் போவதற்கு ஒன்றும் பாக்கியில்லை. இருந்தாலும் திருவனந்தபுரம் கோட்டைக்குள் அந்த அக்ரஹாரத் தெருவில் யாரும் இதை மீறினதில்லை, அவனும் மீறவில்லை.

அடுக்கின் உச்சியில் இருந்தது அரசியல் சட்டப் புஸ்தகம். சட்டக் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் 'குற்றம் சாட்டப்பட்டவனின் உரிமைகள்' என்ற தலைப்பில் அவன் முழங்கி வாங்கின முதல் பரிசு. அதன்மேல் ஒரு செம்பருத்தி உட்கார்ந்திருந்தது.

"பஞ்சபாத்திரம் எங்கே?" என்றார் அப்பா கல்யாணராமன்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தீர்த்தம் வைக்கிற சின்ன வெள்ளிக் கிண்ணம். கல்யாணராமனின் தாத்தா காலத்தது. தினசரிக்குச் செம்பு, விசேஷத்துக்கு வெள்ளி. பூஜை உள்ளில் மாடத்தில் பட்டுத்துணி மட்டும் இருந்தது, கிண்ணம் இல்லை.

"நவராத்திரிக்கு முன்னாடிதானே துலக்கி வெச்சேன்," என்றாள் அம்மா சாவித்ரி. மாடத்தைத் தடவினாள், மணையைத் தூக்கினாள், சுவாமி படங்களின் பின்னால் கையை விட்டாள். பிறகு நிமிர்ந்தாள். "ஆத்துல வெளி ஆள்னு வர்றது அவ ஒருத்திதான்."

அவ என்றால் பேச்சி. சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடிசையில் இருக்கிறவள். புருஷன் தளவாய் சாலையில் மூட்டை தூக்குகிறான். ரெண்டு பேரும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பேச்சி பின்சந்து வழியாக வந்து, சாக்கடை தள்ளி, கொல்லைப்படியில் சாவித்ரி வைக்கும் பாத்திரங்களைக் கிணற்றடியில் தேய்த்து, அதே படியில் கவிழ்த்துவிட்டுப் போவாள். சாவித்ரி அவற்றின்மேல் தண்ணீர் தெளித்து உள்ளே எடுப்பாள். அந்தப் படிதான் எல்லை. வேலைக்கு வந்த நாள் முதல் பேச்சி அதைத் தாண்டினதில்லை. மழை பெய்தால்கூடப் புளியமரத்தடியில்தான் நிற்பாள்.

"நான் என்னத்தக் கண்டேன் மாமி?" என்றாள் பேச்சி, கையில் சாம்பலோடு. "நீங்க படியில வச்சாத்தான எனக்குப் பாத்திரமே தெரியும்? உள்ள பொன்னு இருக்கோ மண்ணு இருக்கோ எனக்கு எப்படித் தெரியும்?"

"பார்த்தேளா, பொன்னுங்கறா," என்றாள் சாவித்ரி.

எதிர்வீட்டு வெங்கடகிருஷ்ணன் தெருச் சமூகத்தின் காரியதரிசி. தெருவில் டெலிபோன் உள்ளவர். அவர் ஒரு தடவை டயலைச் சுழற்றினார். அரைமணியில் ஹெட் கான்ஸ்டபிள் வந்துவிட்டார். நல்ல மனுஷன். வந்ததும் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தார். கூடத்தில் கொலுவைப் பார்த்துக் கைகூப்பினார். கீழ்ப்படியில் மண் செட்டியாரும் செட்டிச்சியும் கடை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் அரிசி, பயறு, துவரம்பருப்பு கும்பல் கும்பலாக. ஹெட் கான்ஸ்டபிள் குனிந்து பார்த்தார்.

"செட்டியாரின்றெ சிரி கண்டோ! கள்ளச் சிரி!" என்று ரசித்தார். சாவித்ரி இலைத்துண்டில் சுண்டல் கொடுத்தாள். சாப்பிட்டுக்கொண்டே வாக்குமூலம் எழுதத் தொடங்கினார்.

"பேச்சி பூஜை முறிக்குள்ளே கயறுமோ?"

"சிவ சிவா!" என்றார் கல்யாணராமன். "கொல்லைப்படி தாண்ட விடமாட்டோம்."

ஹெட் கான்ஸ்டபிள் பேனாவை நிறுத்தினார். சுண்டலையும் நிறுத்தினார்.

"சாமீ, அகத்து கயறாத்தவள் எங்ஙனெ எடுக்கும்? கையென்ன பத்து முழமா?" என்றார் தணிந்த குரலில். "பின்னே, கயற விடமாட்டோம்னு சாமி எழுதி ஒப்பு போட்டுத் தந்தா, அது வேற ஆக்ட்டு. தீண்டல் கேஸ். இப்போ சட்டம் ரொம்ப ஸ்ட்ராங். பிரதிக் கூண்டில நிக்கறது பேச்சி இல்லை, சாமி. சாமி கவர்மெண்ட் உத்தியோகம் அல்லே? பென்ஷன் அடுத்தாச்சு அல்லே?"

ஹெட் கான்ஸ்டபிள் பேனாவை மறுபடி காகிதத்தில் வைத்தார்.

"பேச்சி தினவும் வீடு முழுக்க அடிச்சு வாரும், பூஜை முறியும் உள்பட. அப்படி எழுதட்டே?"

கல்யாணராமன் பூஜை உள்ளைப் பார்த்தார். பிறகு வாசற்கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "எழுதிக்கோங்கோ," என்றார்.

ஸ்ரீகண்டன் தூணோரம் நின்றிருந்தான். ஒரு அடி முன்னால் வந்தான். "அப்பா, கைது பண்ணினா இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ளே மாஜிஸ்டிரேட் முன்னாடி கொண்டுபோகணும். வக்கீலைப் பார்க்க விடணும். அது அவளோட..."

"புஸ்தகம் பூஜையில இருக்கு, கேட்டியா," என்றார் கல்யாணராமன். "இப்போ சட்டம் பேசப்டாது."

பேசவில்லை. பின்சந்தில் ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டது. பேச்சி தேய்த்தவரைக்கும் தேய்த்திருந்த பாத்திரங்களைச் சாவித்ரி தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்தாள்.

விஜயதசமியன்று காலையில் பூஜை எடுத்தார்கள். அன்றைக்கு எல்லாரும் ஒரு வரியாவது படிக்க வேண்டும் என்பது முறை. கல்யாணராமன் ராமாயணம் படித்தார். சாவித்ரி பஞ்சாங்கம் படித்தாள். ஸ்ரீகண்டன் செம்பருத்தியை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டு, புஸ்தகத்தைக் கைபோன இடத்தில் திறந்தான். கை இருபத்திரண்டாம் ஷரத்துக்குப் போயிற்று. கை போனதா, அவன்தான் கொண்டுபோனானா என்று அவனுக்கே நிச்சயமில்லை. கைதானவரை விரும்பிய வக்கீலைக் கலந்துகொள்ள விடாமல் தடுக்கக் கூடாது என்பதை உரக்கப் படித்தான்.

"உச்சரிப்பு நன்னா வந்திருக்கு," என்றார் கல்யாணராமன்.

போலீஸ் ரெக்கார்டில் பேச்சியின் கைது விஜயதசமி காலை என்று பதிவாயிற்று. நல்ல காரியங்கள் தொடங்குகிற நாள். அதற்கு முந்தின நாட்களில் அவள் எங்கே இருந்தாள் என்று ரெக்கார்டு கேட்கவில்லை. குற்றத்தை அவள் ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று ஹெட் கான்ஸ்டபிள் வெங்கடகிருஷ்ணனுக்குப் போனில் சொன்னார். கிண்ணம் எங்கே என்று மட்டும் சொல்லமாட்டேன் என்கிறாளாம். நெஞ்சழுத்தக்காரி.

ரெண்டு நாள் கழித்துத் தளவாய் பின்சந்தில் வந்து நின்றான். தோளில் சாக்குத் துணி அப்படியே இருந்தது. கூப்பிடவில்லை, யாராவது பார்க்கிறவரை நிற்பது அவன் வழக்கம். ஸ்ரீகண்டன்தான் பார்த்தான்.

"சின்னச்சாமி, நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கீகல்லா," என்றான் தளவாய். "எனக்கு வேற யாரத் தெரியும்? நீங்கதான் பாத்துக்கிடணும்."

"பார்க்கறேன்," என்றான் ஸ்ரீகண்டன். பொய் சொல்லவில்லை. அன்றிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மறுநாள் கிணற்றடியில் பல் தேய்க்கும்போது அவனுக்கு அந்தக் கேஸ் முழுவதும் ஒரே வீச்சில் விளங்கியது. போலீஸிடம் சொன்ன ஒப்புதலைக் கோர்ட் ஏற்காது. பொருள் கிடைக்கவில்லை. பார்த்த சாட்சி கிடையாது. கேஸை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருப்பது அப்பாவின் ஒரே ஒரு வாக்கியம். அப்பாவைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணையில் ஒரு கேள்வி கேட்டால் போதும்: பேச்சி உங்கள் பூஜை அறைக்குள் வந்திருக்கிறாளா? இல்லை என்றால் பேச்சி விடுதலை. அந்த நிமிஷமே அப்பாமேல் தீண்டாமைக் கேஸ். ஆமாம் என்றால் பேச்சிமேல் கேஸ் நிற்கும். தெருவில் அப்பா நிற்க முடியாது. வாயில் பற்பொடியோடு ஸ்ரீகண்டன் தன் மூளையை மெச்சிக்கொண்டான். சட்டம் படித்த நாளில் இத்தனை சுத்தமான கேள்வி அவனுக்குத் தோன்றினதில்லை. அடுத்த நிமிஷம் வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

அப்பாவிடம் சொன்னான். ஒரு நல்ல வக்கீல் வந்தால் இதைத்தான் கேட்பான் என்று.

கல்யாணராமன் நெற்றியைத் தேய்த்தார். "அப்போ அந்தக் கேள்வி வராம பார்த்துக்கோ. அதுக்குத்தானே உன்னைப் படிக்க வெச்சது."

"அவ பாவம்டா," என்றாள் சாவித்ரி. உண்மையாகவே கண்ணில் தண்ணீர். "ஜெயிலெல்லாம் வேண்டாம். ஏதாவது சொல்லிக் கூட்டிண்டு வந்துடு. முதல் தப்புன்னா கண்டிச்சு விட்டுடுவான்னு நீதானே ஒருதரம் சொன்னே?"

சொல்லியிருந்தான். அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. முதல் தடவை திருடினவரைக் கோர்ட் விரும்பினால் கண்டித்து அனுப்பிவிடலாம். அதற்கு ஒரே ஒரு சிரமம்: முதலில் திருடியிருக்க வேண்டும். அல்லது திருடினேன் என்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் எல்லாரும் பேச்சிக்கு நல்லது செய்யத்தான் நினைத்தார்கள். நல்லது செய்ய அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று ஏற்பாடாயிற்று.

கோர்ட் வராந்தாவில் பெண் கான்ஸ்டபிளின் பக்கத்தில் பேச்சி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். ஸ்ரீகண்டன் புதுக் கவுன் மொடமொடக்க வந்ததும் எழுந்து நின்றாள். அவள் முகம் மலர்ந்ததை அவன் பார்த்தான். பார்த்திருக்க வேண்டாம்.

"வருவீகன்னு தெரியும் சின்னச்சாமி. எங்க வீட்டுக்காரவுக சொல்லிட்டுத்தான் போனாக."

"பேச்சி, நான் சொல்றதைக் கவனமாக் கேளு..."

"நானே ரோசன பண்ணி வச்சிருக்கேன்," என்றாள் அவள். "அந்த வீட்டுக்குள்ள ஒருநாளும் கால் வச்சதில்லன்னு சொல்லிட்டா முடிஞ்சிபோச்சில்லா? பெரியசாமியக் கூப்ட்டுக் கேக்கச் சொல்லுங்க. அவுக பொய் சொல்ல மாட்டாக. கோயிலுக்குப் போவாம பச்சத்தண்ணி பல்லுல படாதவுக."

ஸ்ரீகண்டன் கவுனின் கைமடிப்பைச் சரி செய்தான். அது சரியாகத்தான் இருந்தது.

"அதெல்லாம் சொன்னா கேஸ் இழுக்கும்," என்றான். "சாட்சி, விசாரணை, வாய்தா. ஒரு வருஷம் ஆகும், ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் உனக்கு ஜாமீன் நிக்க யார் இருக்கா? இப்போ அவர் கேட்கறச்சே ஆமான்னு சொல்லிடு. முதல் தடவைங்கறதால கண்டிச்சு விட்டுடுவா. இன்னிக்கே ஆத்துக்... வீட்டுக்குப் போயிடலாம்."

"எடுக்காதத எடுத்தேன்னா சொல்லணும்?"

"சும்மா ஒரு வார்த்தை."

பேச்சி இடது கையை முந்தானைக்குள் இன்னும் இழுத்துக்கொண்டாள். "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றாள். பிறகு, எதற்கோ அவனைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, "கண்டிப்பாகன்னா, ஏசுவாகளா? ஏசுனா ஏசிட்டுப் போறாக. மாமி ஏசாததா?" என்றாள்.

அன்றைக்கு மாஜிஸ்டிரேட்டுக்கு மத்தியானத்துக்கு முன்னால் முடிக்க வேண்டிய கேஸ்கள் ஒரு கட்டு இருந்தன. கூண்டில் நின்ற பேச்சியைப் பார்த்து, "வக்கீல் உண்டோ?" என்றார்.

பேச்சி கையை நீட்டினாள். "இவுக இருக்காகல்லா."

ஹாலில் நாலைந்து வக்கீல்கள் திரும்பிப் பார்த்தார்கள். விரும்பிய வக்கீலைக் கொள்ளும் உரிமை. பரிசு வாங்கின பேச்சில் ஸ்ரீகண்டன் இந்த இடத்தில்தான் மேஜையைத் தட்டினான். இந்திய அரசியல் சட்டம் தனக்குக் கொடுத்ததை அந்தக் கோர்ட்டிலேயே முழுசாக உபயோகித்தவள் அன்றைக்குப் பேச்சி ஒருத்திதான். அவளாகவே விரலை நீட்டிப் புகார்க்காரரின் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தாள். 'கனம் கோர்ட்டாரே, புகார் கொடுத்தவர் என் தகப்பனார்' என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. ஸ்ரீகண்டன் எழுந்து நின்றான்.

"குற்றத்தை விளக்கிச் சொல்லியாச்சு," என்றான்.

"குற்றம் செய்தோ, இல்லையோ?" என்று மாஜிஸ்டிரேட் பேச்சியைக் கேட்டார்.

பேச்சி ஸ்ரீகண்டனைப் பார்த்தாள். அவன் மேஜையில் ஒரு மைக்கறையைப் பார்த்தான்.

"ஆமா," என்றாள் பேச்சி.

முதல் குற்றம், கருணை காட்ட வேண்டும் என்று ஸ்ரீகண்டன் சொல்லத் தொடங்குவதற்குள் சர்க்கார் தரப்பு எழுந்தது. வேலைசெய்த வீடு, அதிலும் பூஜை அறை, களவுபோன பொருளை எங்கே வைத்திருக்கிறாள் என்று இன்றுவரை சொல்லவில்லை, மனம் வருந்தினதற்கு அடையாளமே இல்லை. மாஜிஸ்டிரேட் தலையை ஆட்டினார். பிள்ளைபோல் நம்பி வீட்டுக்குள் சகல இடமும் நடமாட விட்டவர்களுக்குச் செய்த துரோகத்தைச் சும்மா கண்டித்து விட முடியாது என்றார். மூன்று மாசம்.

கூட்டிக்கொண்டு போகும்போது பேச்சி திரும்பி, "ஏசவே இல்லையே சின்னச்சாமி," என்றாள். நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

வெளியே தூணருகில் தளவாய் நின்றிருந்தான். ஸ்ரீகண்டன் பின்வாசல் வழியாகப் போனான். அந்தக் கட்டிடத்துக்குப் பின்வாசல் உண்டு என்பது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

கேஸ் நன்றாக முடிந்தது என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. முடிந்தது என்று மட்டும் சொன்னார்கள். ஆனால் மார்கழி பிறக்கும்போது வெங்கடகிருஷ்ணன் வந்தார். காபியை ஆற்றிக் குடித்தார். மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கல்யாணராமா, தப்பா எடுத்துக்கப்டாது. அவ உங்க பூஜை உள்ளுக்குள்ளே தினப்படி வந்து போயிண்டிருந்தாள்னு கோர்ட்லேயே ஸ்தாபிதம் ஆயிடுத்தாமே?"

"அது கேஸுக்காக..."

"மனசிலாச்சு, மனசிலாச்சு. நேக்குத் தெரியாதா? ஆனா கோர்ட் சொல்லியாச்சே. அவளே ஒத்துண்டாச்சு. நாம அதுக்கு மேல சொல்ல முடியுமா? உங்கம்மா திவசம் வர்றதல்லே? வாத்யார் வர யோசிக்கறார். ஒரு புண்யாஹவாசனம் பண்ணிடுங்கோ, கேட்டேளா. தெருவுக்கும் மனசு நிம்மதியாகும்."

ஒரு நாளும் உள்ளே வராதவள் வந்து போன தீட்டைக் கழிக்க நாள் குறித்தார்கள். ஸ்ரீகண்டனுக்கு அதில் சட்டப்படி ஆட்சேபம் சொல்ல ஒன்றும் இல்லை. தீர்ப்பு தீர்ப்புதான்.

வீடு முழுக்கக் கழுவ வேண்டும். மச்சிலிருந்து கொலுப்பெட்டியை இறக்கினார்கள். பெட்டியின் அடியில் ஈரம் தட்டியிருந்தது என்று சாவித்ரி பொம்மைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பிரித்து வைத்தாள். பழைய வேஷ்டித் துண்டில் பருப்போடு அப்படியே அள்ளிச் சுற்றியிருந்த செட்டியாரைப் பிரித்தபோது துவரம்பருப்பு சிதறியது. பருப்போடு வெள்ளிப் பஞ்சபாத்திரம் உருண்டு, தூணில் முட்டி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

செட்டியார் அதே சிரிப்போடு மல்லாந்து கிடந்தார். கொலு நடந்த நாள் பூராவும் அவர் முன்னால் பருப்புக் கும்பலுக்கு அடியில் அது இருந்திருக்கிறது. தெருப் பெண்டுகள் பாட்டுப் பாடியது அதன் முன்னால். ஹெட் கான்ஸ்டபிள் சுண்டல் தின்றதும் அதன் முன்னால். செட்டியார் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற உரிமையை அந்த வீட்டில் முழுமையாக அனுபவித்தவர் அவர்தான்.

"படி உடைஞ்சு போயிருந்தது," என்றாள் சாவித்ரி. அவள் குரல் எங்கோ இருந்து வந்தது. "செட்டியாரோட மரப்படி. பருப்பைக் கும்பலா நிறுத்த ஏதாவது வேணுமேன்னு... கையில அகப்பட்டதை... நான்தான்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்றார் கல்யாணராமன் சட்டென்று. "பேசாம இரு."

சாவித்ரிக்கு வக்கீல் கிடைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அப்பா," என்றான் ஸ்ரீகண்டன்.

"என்ன பண்ண முடியும், சொல்லு. அப்பீல் இருக்கா?"

"ஒத்துண்டவாளுக்கு அப்பீல் கிடையாது. தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். மேல் கோர்ட்ல திருத்தச் சொல்லி மனு போடலாம். இந்தக் கிண்ணத்தைக் காட்டி..."

"காட்டி? பொய் வாக்குமூலம் கொடுத்தேன்னு நான் போய் நிக்கணும். அம்மா வரணும். அவ பூஜை உள்ளுக்குள்ள வந்தாளா இல்லையான்னு அப்போவும் கேட்பா. அந்தக் கேள்வி எங்கே போயிடுத்து?" கல்யாணராமன் கிண்ணத்தை எடுத்து மேல்துண்டில் துடைத்தார். கெட்ட மனுஷன் அல்ல, பல் இடுக்கில் அகப்பட்ட மாதிரி அந்த வார்த்தையைச் சொன்னார்: "பாதி போயாச்சு. இன்னும் கொஞ்ச நாள்தானே."

வாத்யார் வந்தார். கலச ஜலத்தை மாவிலையால் மூலைமூலையாகத் தெளித்தார். பஞ்சபாத்திரத்தின் மேலும் தெளித்தார். வீடு சுத்தமாயிற்று.

அதன் பிறகு ஸ்ரீகண்டன் ரெண்டு தடவை ஜெயில் வரைக்கும் போனான். ஒரு தடவை வாசலில் நின்று எதிரிலிருந்த கடையில் டீ குடித்துவிட்டு வந்தான். இன்னொரு தடவை டீ குடிக்கவில்லை. மனுவை மனசுக்குள்ளேயே எழுதினான். நல்ல மனு. 'புகார்க்காரரின் புதல்வனும் குற்றவாளிக்கு யோசனை சொன்னவனுமாகிய நான்' என்று தொடங்கும், அதற்குமேல் போகாது. தளவாய் பின்சந்துக்கு வரவே இல்லை. பாத்திரம் தேய்க்க நாகர்கோவில்காரி ஒருத்தி வந்தாள். அவளும் படியோடு நின்றாள்.

தை மாசம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெங்கடகிருஷ்ணன் கூடத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து சிவராத்திரிச் செலவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வாசலில் கோலம் போட்டிருந்தது. அந்தக் கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு, முன்வாசல் வழியாகப் பேச்சி உள்ளே வந்தாள்.

வந்த வேகத்தில் யாருக்கும் நடப்பது புரியவில்லை. ரேழி தாண்டி, கூடம் தாண்டி நேராக நடந்தாள். அன்றைக்கு ஜீப்பில் ஏறினபோது கட்டியிருந்த அதே சேலை. மெலிந்திருந்தாள். இடது கை கொஞ்சம் கோணலாகத் தொங்கியது.

"ஏய்! ஏய்! எங்கே வர்றே?" ஊஞ்சலிலிருந்து வெங்கடகிருஷ்ணன் குதித்தார்.

"பயப்படாதீங்க சாமி," என்றாள் பேச்சி. "நான் இந்த வீட்ல தினமும் வந்து போனவதான. கோர்ட்டுல எழுதியிருக்குல்லா. வந்து போனதுக்கு ஜெயில்ல இருந்துட்டும் வந்தாச்சி. அந்தப் பூசை அறை எப்படித்தான் இருக்குன்னு ஒருக்கப் பாத்துட்டுப் போறேன்."

"ஸ்ரீகண்டா!" என்றார் கல்யாணராமன்.

ஸ்ரீகண்டன் பூஜை உள்ளின் வாசலில்தான் நின்றிருந்தான். எல்லாரும் அவன் கையை விரித்து மறிப்பான் என்று எதிர்பார்த்தார்கள். அவனும் அப்படித்தான் எதிர்பார்த்தான். பேச்சி அவன் முன்னால் வந்து நின்றாள். உள்ளே இருட்டாக இருந்தது. ஸ்ரீகண்டன் விலகி நின்று கையை நீட்டி விளக்கு சுவிட்சைப் போட்டான். ஒரு கட்சிக்காரருக்காக அவன் செய்த முதல் உருப்படியான காரியம் அது.

பேச்சி வாசற்படியைத் தாண்டி உள்ளே போனாள். நாலு பேர் நின்றால் முட்டிக்கொள்கிற இடம். படங்கள், மணை, எண்ணெய்ப் பிசுக்கு, பழைய பூ. சுற்றிலும் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

அப்புறம் அவள் கண் மாடத்தில் நின்றது. வெள்ளிக்கிழமை என்று சாவித்ரி புளி போட்டுத் துலக்கியிருந்தாள். பஞ்சபாத்திரம் விளக்கு வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. பேச்சி அதைத் தொடவில்லை. கிட்டத்தில் போய்க் குனிந்து பார்த்தாள், கடையில் வாங்க முடியாத சாமானைப் பார்க்கிற மாதிரி. போலீஸ்காரர்கள் அதை எத்தனை தரம் அவளுக்கு விவரித்திருப்பார்கள்! உயரம், விளிம்பு, அடியில் தாமரை இதழ்.

"சின்னச்சாமி," என்றாள் திரும்பாமலே. "இதா நான் எடுத்தது?"

சாவித்ரி அடுக்களை வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். வெங்கடகிருஷ்ணனின் பார்வை மாடத்துக்கும் ஸ்ரீகண்டன் முகத்துக்குமாக ரெண்டு தடவை போய் வந்தது.

ஸ்ரீகண்டன் வாசற்படியைப் பார்த்தான்.

பேச்சி திரும்பினாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினான். இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். கோர்ட் வராந்தாவில் அவன் எப்படிப் பொறுமையாகச் சொன்னானோ, அதே பொறுமையோடு அவள் சொன்னாள்:

"ஆமான்னு சொல்லிருங்க சின்னச்சாமி. சும்மா ஒரு வார்த்த. மொத தடவதான? கண்டிச்சி விட்டுருவாக."

"ஆமாம்," என்றான் ஸ்ரீகண்டன்.

பேச்சி தலையை ஆட்டிக்கொண்டாள். சுவிட்சை எப்படி அணைப்பது என்று பார்த்தாள், அணைத்தாள். வந்த வழியே கூடம் தாண்டி, ரேழி தாண்டி, கோலத்தைச் சுற்றிக்கொண்டு நடுத்தெருவில் இறங்கிப் போனாள்.

வெங்கடகிருஷ்ணன் மெதுவாக மறுபடி ஊஞ்சலில் உட்கார்ந்தார். "இது நம்ம வாய்க்கு வெளியிலே போகாது, கேட்டேளா," என்றார் ஆதரவாக. கல்யாணராமன் சாவித்ரியிடம், நாளைக்கு வாத்யார் ஒழிவாக இருப்பாரா என்று விசாரிக்கச் சொன்னார். இந்தத் தடவை புண்யாஹவாசனத்துக்கு உண்மையான காரணம் இருந்தது.

ஸ்ரீகண்டன் பூஜை உள்ளின் வாசலிலேயே இருட்டில் நின்றுகொண்டிருந்தான். ரொம்ப நேரம் நின்றான். யாரும் அவனைக் கண்டிக்கவில்லை.